சாமியார் வராத ஞாயிறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெரியவர் யாரையாவது கண்டால், "அந்தக் காலத்தில் மாதத்துக்கு எத்தனை பூசை கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று என்பார். மழை பிடித்துக்கொண்டு செம்மண் சாலை குழம்பாகிவிட்டால் அந்த ஒன்றும் இல்லை என்பார். பட்டணத்துக் கோயிலில் இருந்த சாமியாருக்கு எங்கள் தோட்டத்தைப் போல் இன்னும் பல தோட்டங்கள். அவரும் என்ன செய்வார்? முறை வைத்து வந்தார். ஆக, எங்கள் பிள்ளைப் பருவத்தில் நான்கு ஞாயிறுகளில் மூன்று, சாமியார் வராத ஞாயிறு.

அந்த மூன்று ஞாயிறுகளைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம். பிரசங்கம் செய்வது எங்கள் வேலையன்று. நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர். வேறு சமயத்து நேயர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அது போகப் போகத் தெரியும்.

ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணி ஊர் பார்த்தார், உறவு பார்த்தார், உடற்கட்டுப் பார்த்தார், வேதம் பார்க்கவில்லை. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அந்த வழியை அடைத்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையிலிருந்து கப்பலேறியவர் எங்கள் பாட்டனார். கூட வந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு செபமாலை, ஒரு செப புத்தகம். பாட்டியாருக்கோ பாட்டனாருக்கோ எழுத்துத் தெரியாது. பிறகு புத்தகம் எதற்கு என்று கேட்டால், "வீட்டில் இருக்கட்டும், படிக்கிற பிள்ளை பிறக்கும்" என்பாராம் பாட்டியார்.

பேராக் மாநிலத்தில் பாகான் செராய் வட்டாரத்தில் வேறு மாதிரி நடந்தது. பாரிஸ் வேத போதக சபையைச் சேர்ந்த ஃபே சாமியார் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றி, சூசைப்பாளையம் என்று ஓர் ஊரையே உண்டாக்கினார். இவர்தாம் பின்பு 1896-இல் மலாக்காவின் ஆயரானவர். அங்கே கோயிலைச் சுற்றி ஊர் இருந்தது. எங்கள் தோட்டமும் அதே பேராக்கில்தான் இருந்தது. ஆனால் அங்கே ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. நூறு வீட்டு லயங்களுக்கு நடுவே பதினொரு கத்தோலிக்கக் குடும்பங்கள், அவ்வளவுதான். மாரியம்மன் கோயிலுக்கு அப்பால் பலகையும் தகரமும் கொண்டு எங்கள் பாட்டனார் தலைமுறை கட்டிய சிறு கோயில் ஒன்று. உள்ளே அந்தோனியார் சுரூபம். மூக்கு நுனியில் சாயம் போயிருக்கும். பலகை தந்தவர்களில் பாதிப் பேர் இந்துக்கள் என்று தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சாமியார் வராத ஞாயிறுகளில் உபதேசியார் நடத்துவார். உபதேசியார் என்றால் சம்பளத்துக்கு வைத்த ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்தவர்தாம். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டால் உபதேசியார். அந்த ஞாயிறுகளில் நற்கருணை கிடையாது. வாசகம் உண்டு, மன்றாட்டு உண்டு, பாட்டு உண்டு. மன்றாட்டில் இன்னாருக்கு இடுப்பு வலி, இன்னார் மகனுக்குச் சோதனை, இன்னார் வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லாமே வரும். கடைசியாகச் சொன்ன வகை மன்றாட்டு அந்த வீட்டாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தவக்காலம் எங்களுக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. மாசி பங்குனியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். மங்கில் பால் அரை மங்குக்கும் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். பட்டணத்தார் இறைச்சியை விட்டு ஒறுத்தல் செய்த காலத்தில், எங்கள் வீட்டில் விடுவதற்கு இறைச்சியே இருக்காது. சாம்பல் புதன் வேலை நாள்; சாமியார் வரமாட்டார். உபதேசியார் பட்டணத்துக்குச் சைக்கிளில் போய், மந்திரித்த சாம்பலை மைலோ டப்பாவில் வாங்கி வருவார். உயிர்ப்புத் திருநாள் வரும்போது மரத்தில் செந்தளிர் விட்டிருக்கும். சம்பளம் ஏற இன்னும் ஒரு மாதம் ஆகும்.

ஞாயிறு இப்படி என்றால், மற்ற ஆறு நாளும் வீடுதான் கோயில். இரவு ஏழரைக்கு விளக்கு, பாய், செபமாலை. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன்பு சாமியார் லத்தீனில் பூசை வைக்க, பாட்டியார் பின்னால் அமர்ந்து தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாராம். செபங்களும் புதிய தமிழுக்கு மாறின, பாட்டியார் மாறவில்லை. எங்களுக்கு அருள்நிறை மந்திரம், அவருக்குக் கடைசிவரை பிரியதத்த மந்திரம். ஒரே பாயில் இரண்டு காலத்துத் தமிழ். எங்களுக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியது பள்ளிப் பாடநூல் மட்டுமன்று. கப்பலில் வந்த அந்தச் செப புத்தகமும்தான். செபம் முடிந்ததும் அதே பாயில், அதே விளக்கில் வீட்டுப்பாடம். மின்சாரம் ஒன்பது மணிக்கு நின்றுவிடும்.

செபமாலையை அறியாத நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு மந்திரமும் இரண்டு பாதி. முதல் பாதியை ஒருவர் தொடங்குவார். இரண்டாம் பாதியை மற்றவர்கள் முடிப்பார்கள். தனியாகச் சொல்வோரும் உண்டு. ஆனாலும் எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் தாயாருடையது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இரண்டாம் பாதி சொல்வோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது தம்பி இறந்தான். இரண்டு வயது நிரம்பவில்லை. மூன்று நாள் காய்ச்சல். தோட்டத்து டிரசர் மருந்து கொடுத்தார். நான்காம் நாள் இரவு வலிப்புக் கண்டது. லாரி ஓட்டுநரை எழுப்பி, லாரி புறப்பட்டு, பெரிய சாலையைச் சேர்வதற்குள் தாயார் மடியிலேயே அடங்கிவிட்டான். சாமியாருக்குச் செய்தி போய் அவர் வந்து சேர மூன்று நாளாயிற்று. அடக்கம் செய்தவர் உபதேசியார்தாம்.

அன்றிரவு முதல் தாயார் செபம் சொல்லவில்லை. பாய் விரிப்பார், விளக்கு ஏற்றுவார், சுவரில் சாய்ந்து உட்காருவார். வாய் திறக்கமாட்டார். தகப்பனார் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கமாட்டார். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கள்ளுக்கடைக்குப் போனவர், இப்போது நாள்தோறும் சம்சு குடிக்கத் தொடங்கியிருந்தார். சம்சு என்ன செய்யும் என்று தோட்டத்து நேயர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கப்படி முப்பதாம் நாள் வரையில் உறவும் அயலும் வந்து செபம் சொல்வார்கள். முப்பதாம் நாள் முடிந்தால் அவரவர் வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். முப்பத்தோராம் நாளும் உபதேசியார் வந்தார். தாயார் எதிரே உட்கார்ந்து அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

"தாயி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா உக்காந்திரு. உன் பங்கையும் சேத்து நாங்க சொல்லிக்கிறோம்."

இறைவன் சித்தம் என்றாரா, குழந்தை மோட்சத்தில் இருக்கிறது என்றாரா என்றால், இல்லை. அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். தாயார் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அன்று முதல் இரவுக்கு இரண்டு குடும்பம் என்று முறை வைத்தார். முறைப் பட்டியலைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதும் பொறுப்பை எங்களுக்குத் தந்தார். எங்கள் முதல் அலுவலக வேலை அதுதான்! மரம் வெட்டிக் களைத்த சனங்கள், மறுநாள் நான்கு மணிக்கு எழ வேண்டியவர்கள், ஐந்து மாதம் வந்தார்கள். சிலர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு குடும்பத்தோடு எங்களுக்குக் கோழி விஷயமாகப் பழைய தகராறு, அவர்களும் வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை முறையில் இல்லாமலே தினமும் வந்து வாசலோரம் அமர்ந்தார். அத்தை மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். கேட்டுக் கேட்டு இரண்டாம் பாதி அவருக்குப் பாடமாகிவிட்டது. கூட்டத்தோடு சேர்ந்து அதை மட்டும் சொல்வார்.

அக்டோபர் மாதம். ஓர் இரவு மழை தகரத்தில் கொட்டியது. முறைக் குடும்பம் இரண்டும் கீழ் லயத்தில். ஓடை பெருகி அவர்களால் வர முடியவில்லை. பாட்டியாருக்கு உடம்பு சுகமில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் அத்தை ஒருவரே. விளக்கு எரிகிறது. அத்தைக்குத் தெரிந்ததோ இரண்டாம் பாதி. முதல் பாதி சொல்ல ஆள் இல்லை. நாங்கள் தொடங்கலாமா என்று தாயார் முகத்தைப் பார்த்தோம். அத்தையும் பார்த்தார். சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டுமே. பிறகு தாயார் தொடங்கினார். குரல் கரகரத்தது. அத்தை முடித்தார். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே நடந்தது. வெளித் திண்ணையில் தகப்பனார் நனைந்தபடி உட்கார்ந்திருந்ததை, கதவை அடைக்கப் போனபோதுதான் கண்டோம்.

மறுநாளே தகப்பனார் குடியை விட்டார் என்று சொன்னால் கதை அழகாயிருக்கும். விடவில்லை. சம்சுவை விட இரண்டு வருடம் பிடித்தது. கள்ளை முழுக்க விட்டதே இல்லை. ஆனால் அந்த மழைக்குப் பிறகு ஏழரை மணிக்குத் திண்ணையில் இருந்தார். பின்பு வாசற்படிக்கு வந்தார். பாய்க்கு வர அடுத்த தவக்காலம் ஆயிற்று.

கோயில் பங்கு என்று சொல்கிறோமே, அதைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பெரிய திருநாளுக்கு லாரியில் பட்டணத்துக் கோயிலுக்குப் போவோம். பின் வரிசைதான் எங்கள் இடம். எவரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்களாகத் தெரிந்துகொண்டோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் ரப்பர் பால் வாடை போகாது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சற்று நகர்ந்ததை, அன்று பக்கத்தில் நின்ற பிள்ளை இன்றும் மறக்கவில்லை.

அதே பட்டணத்திலிருந்துதான் இன்னும் இருவர் வந்தார்கள். 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் அங்கத்தினர்கள். இருவர் இருவராகத்தான் வீடு காண வருவார்கள். ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போக எங்களுக்குக் காலணியும் பேருந்துக் கட்டணமும் இல்லாமல், ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு நடந்த சமயம் அது. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள். காப்பித் தட்டின் கீழே ஓர் உறை இருந்தது. மாதாமாதம் இருந்தது. யார் கொடுத்த பணம் என்று அவர்கள் சொன்னதில்லை. அந்தச் சபையின் கூட்டத்தில் ஒரு மூடிய பையைச் சுற்றி அனுப்புவார்களாம். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாதாம். கைக்குட்டை அம்மாளும் அதில் போட்டிருக்கலாம் என்று தாயார் சொல்வார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை எங்களைக் கொண்டு சேர்த்தது அந்த உறையும், தகப்பனார் குடிக்காமல் மிச்சம் பிடித்த பணமும்தான்.

தகப்பனாருக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1976 ஆகஸ்டு மாதம் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் கூடித் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தார்கள். அந்த மாதம் பங்குகளைப் பொதுநிலையினரிடமே விட்டுப் போனார்கள். சாமியார் இல்லாமல் எப்படி என்று பட்டணத்தில் ஒரே கலக்கமாம். "எங்களக் கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்போம்ல?" என்று தகப்பனார் சிரிப்பார். அக்கம்பக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள் அதற்குப் பின்பே நாட்டில் பரவலாயின. அன்பியம் என்று பெயர். எங்கள் தோட்டத்தில் பெயர் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தோட்டம் கைமாறியது. 1990-களில் பேராக்கிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ தோட்டங்களுக்கு நேர்ந்ததுதான். ஒரு பாதி வீடமைப்பு நிலமாயிற்று, மறு பாதி செம்பனையாயிற்று. கோயிலைப் பிரித்தபோது அந்தோனியாரை மாவுச் சாக்கில் சுற்றித் தகப்பனார் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் அமர்ந்தார். பதினொரு குடும்பமும் கிள்ளான், ஜொகூர், பினாங்கு என்று சிதறியது. எங்களுக்கு வாய்த்தது அடுக்குமாடியில் நான்காம் மாடி. தம்பியின் கல்லறை இப்போது செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் காவல் சாவடியில் அடையாளக் கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காவலாளி நேபாளத்துக்காரர். முதல் வருடம் ஏன் என்று கேட்டார். அடுத்த வருடம் கேட்கவில்லை.

சிதறியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவது புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில். ஜூலை 26. நேயர்களில் பலரும் போயிருப்பீர்கள். கத்தோலிக்கர் மட்டுமா அங்கே போகிறார்கள்? 2019-இல் சிறு பசிலிக்கா என்ற சிறப்புப் பெற்ற கோயில் அது. எங்களுக்கு அதைவிடப் பெரிது, 1888-இல் கட்டிய பழைய கோயிலின் படிக்கட்டு. அங்கேதான் பதினொரு குடும்பமும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது. அன்னம்மாள் இயேசு பிரானுக்குப் பாட்டி முறை. ஆகவே பேரப்பிள்ளைகளைக் காட்டி மெச்சிக்கொள்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை! எதிர்வீட்டு அத்தையும் கிள்ளானிலிருந்து மகனோடு வந்துவிடுவார். மெழுகுவத்தியோடு ஒரு முழம் மல்லிகையும் அவர் கையில் இருக்கும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். கோயிலும் பள்ளியும் அடைபட்டன. தாயார் அதிகம் கலங்கவில்லை. "சாமியார் வராத ஞாயிறுதானே" என்று பாயை விரித்தார்.

ஏப்ரலில் தகப்பனார் காலமானார். முதுமையும் நெஞ்சுவலியுமே காரணம். அந்தத் தொற்று அன்று. ஆனாலும் வீட்டில் ஆள் கூடக் கூடாது. அடக்கத்தில் நாங்கள் சில பேர். சாமியார் கல்லறையில் மந்திரித்துவிட்டுத் தொலைவிலேயே நின்று கும்பிட்டுப் போனார். மாநில எல்லை தாண்டி ஒருவரும் வர வழியில்லை. ஐம்பது ஆண்டு காலம் எத்தனை இழவு வீடுகளில் பாய் விரித்திருப்பார் தாயார்! அவர் வீட்டுப் பாயில் அன்றிரவு நாங்கள் நான்கு பேர்.

எங்கள் மகன்தான் கைத்தொலைபேசியில் எல்லாரையும் ஒன்றாக இணைத்தான். உபதேசியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் ஜொகூரிலிருந்து வந்தார். கோழித் தகராறுக் குடும்பம் பினாங்கிலிருந்து. கிள்ளானிலிருந்து அத்தை, திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து மோதியது. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். பேச்சொலியை அடைக்கச் சொல்லி, தாயார் மட்டும் தொடங்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

தாயாருக்குக் குரல் வரவில்லை. கையில் செபமாலை இருந்தது. வாய் திறந்தது. சத்தம் இல்லை. தொலைபேசியில் பத்து முகங்கள் காத்திருந்தன. நாங்கள் தொடங்கலாமா என்று, ஒன்பது வயதில் பார்த்ததைப்போலவே தாயார் முகத்தைப் பார்த்தோம்.

அப்போது கிள்ளானில் யாரோ பேச்சொலியைத் திறந்த ஓசை கேட்டது. அத்தை முதல் பாதியைத் தொடங்கினார். ஒரு சொல்லும் பிசகவில்லை. எப்போது கற்றுக்கொண்டாரோ தெரியாது. முடிக்க வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டு, "ம், சொல்லுங்க அண்ணி" என்றார்.

தாயார் இரண்டாம் பாதியைச் சொன்னார்.